மாப்பிள்ளை கண்ணில் டார்ச் அடித்தேன்

என் பேத்தி வேலூரில் மனோதத்துவம் படிக்கிறாள். மனசைப் பற்றித் தெரிந்துகொள்ள மனுசனிடம் கேள்வி கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் கண்ணை அளக்கிறார்கள். கண்ணுக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, நாங்கள் பாப்பா என்போம், பிடித்த ஆளைப் பார்த்தால் அது விரியுமாம். நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் தானாகவே விரியுமாம்.

ஆராய்ச்சிக்கு வயசானவர்களும் வேண்டும் என்று ஆம்பூரிலிருந்து என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னாள்.

"ஆயா, தலைய ஆட்டக் கூடாது. பேசக் கூடாது."

"பேசாம எப்படிடீ உயிரோட இருக்குறது?"

ஆம்பிளைகள் படம் ஒவ்வொன்றாக வந்து வந்து போனது. முடிந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு பேத்தி சிரித்தாள்.

"ஆயா, வழுக்கையும் மீசையுமா ஒருத்தர் வந்தாரே, அவர பார்த்ததும் உனக்கு பாப்பா ஜாஸ்தியா விரிஞ்சிருக்கு. இன்னா சமாச்சாரம்? தாத்தாவுக்குத் தெரியுமா?"

"உங்க தாத்தா மாலையோட செவுத்துல தொங்குறாரு. அங்கருந்து இறங்கி வந்தா கேக்கட்டும். அட, அந்த ஆளு நான் வேல செஞ்ச ஷூ கம்பெனி பழைய சூப்பர்வைசர் மாதிரியே இருந்தான்டீ. பாத்ரூம் போனாக்கூட வாட்ச்ச பார்ப்பான். பயந்துட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. "பயந்தாலும் விரியும் ஆயா. மூளைய போட்டு யோசிச்சாலும் விரியும். வெளிச்சம் மாறினாலும் மாறும். அதான் இதுல பேஜாரு. வெறும் கண்ண வச்சு ஆசைன்னு சொல்லிட முடியாது."

முதலில் சொன்னதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் சொன்னதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் குடியாத்தத்திலிருந்து ஒருத்தன் வந்தான். நன்றாகச் சிரித்தான், காபியைப் புகழ்ந்தான். அப்புறம் இவளுக்கே போன் செய்து, அம்மா இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தேன், எனக்கு வேறு ஒரு பெண்ணோடு பழக்கம் என்றான். இவள் அழவில்லை. ஆனால் என் கிண்டலுக்குப் பதில் கிண்டல் வருவது நின்றுபோனது. அது அழுகையை விட மோசம்.

அடுத்தது எங்கள் ஊரிலேயே ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பிள்ளை. அந்த வீட்டுக்கு போட்டோ அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தது என் மகளின் தப்பு. ஸ்டூடியோவில் எடுத்தது போகவேண்டியது. என் விரல் பட்டு, நான் எதையோ சொல்ல இவள் கண்ணை மூடிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம் போய்விட்டது. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, இவரு மனசோட வர்றாரா, இவரையும் அவங்க அம்மா இழுத்துக்கிட்டு வர்றாங்களான்னு தெரியணும். தெரியலன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"அவ்ளோதான? கண்ண நான் பாத்து சொல்றேன்."

"அதுக்கு மெஷின் வேணும்."

"மெஷினுக்கு ஒரு கண்ணு. எனக்கு ரெண்டு. அதுல ஒன்னு ஆபரேஷன் பண்ணது, இன்னும் நல்லா தெரியும். நீ டிரேயோட வர்றப்ப அவரு உன்ன பாப்பாரு இல்ல? பாப்பா விரிஞ்சா 'சர்க்கரை ஜாஸ்தி'ன்னு சொல்றேன். சுருங்கினா 'சர்க்கரை கம்மி'."

சிரித்தாள். படித்தவள்தான், இதெல்லாம் நடக்காது என்று தெரிந்தவள்தான். ஆனாலும், "சரியா பாரு ஆயா" என்று என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் இடம் பிடித்தேன். உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணே கறுப்பு. கறுப்புக்குள் கறுப்பு வட்டத்தை எங்கே தேடுவது? கம்மல் திருகு விழுந்துவிட்டது என்று சொல்லி, போனில் டார்ச்சைப் போட்டுத் தரையில் தேடினேன். பேத்தியின் கொலுசுச் சத்தம் கேட்டதும் டார்ச்சை அப்படியே தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். துடித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நன்றாகத் தெரிந்தது. கடுகு மாதிரி சுருங்கியிருந்தது.

விரிந்தது என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது.

"சர்க்கரை கம்மி!" என்றேன்.

"எனக்கு சர்க்கரைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் பிள்ளையின் அம்மா.

பேத்தி டிரேயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"வுடு ஆயா. இஷ்டம் இல்லன்னா இல்ல." திரும்பியவள் என் கையைப் பார்த்தாள். "டார்ச் இன்னாத்துக்கு எரியுது?"

"இது இல்லாம எப்படி பாக்குறது? உத்து பாத்தேன், தெரியல."

"ஐயோ ஆயா! வெளிச்சம் அடிச்சா யாருக்கா இருந்தாலும் சுருங்கும்!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடி முகம் வாடியது. "அப்ப, இப்பவும் தெரியல."

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே போனேன். மகள் கண்ணாலேயே என்னைத் தடுத்தாள். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன். பிள்ளை இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா," என்றார், "கம்பெனியில நான்தான் ஜோடி ஜோடியா ஷூவ லைட்டுல வச்சு பாப்பேன். இன்னிக்கு என்னையே செக்கிங்ல போட்டுட்டீங்க. பாஸா, ரிஜெக்டா?"

"அத நீதான் சொல்லணும்பா. நீயா வந்தியா, உங்கம்மா இழுத்துக்கிட்டு வந்தாங்களா? என் பேத்திக்கு அது தெரியணும்."

என் மகள் தலையில் கை வைத்தாள். பிள்ளையின் அம்மாதான் முந்திக்கொண்டார்.

"நான் இழுத்துக்கிட்டு வந்தேனா? முட்டி வலி, அடுத்த வாரம் போலாம்னேன். கேக்கல. இவன்தான் என்ன பைக்ல வச்சி இழுத்துக்கிட்டு வந்தான்."

பிள்ளைக்குக் காது சிவந்தது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போட்டோவுல அவங்க கண்ண மூடிக்கிட்டு சிரிக்கிறாங்க ஆயா. யாரும் அந்த மாதிரி போட்டோ அனுப்ப மாட்டாங்க. தெனம் எடுத்து பாப்பேன். அந்தக் கண்ணு தொறந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னுதான் வந்தேன். அவங்க வர்ற நேரம் பாத்து நீங்க லைட் அடிச்சிட்டீங்க. ஒரே பச்சையும் மஞ்சளுமா தெரிஞ்சிது. நான் இன்னும் அவங்கள பாக்கவே இல்ல."

உள்ளே ஒரு கரண்டி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து பேத்தி வந்தாள். டிரே இல்லை, தலை குனியவில்லை. சர்க்கரை டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, டியூப் லைட் நன்றாக விழுகிற நாற்காலியில் அவருக்கு நேராக உட்கார்ந்து கண்ணை நிமிர்த்தினாள்.

நான் டார்ச்சை அணைத்தேன். அவர் பார்த்தார். இவளும் பார்த்தாள். பாப்பா விரிந்ததா என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு எதுக்கு அந்த வேலை?

பிள்ளையின் அம்மா டம்ளரை நீட்டினார்.

"பாத்தது போதும், எனக்கு ரெண்டு ஸ்பூன் போடும்மா. உங்க ஆயா சொன்ன மாதிரியே காபியில சர்க்கரை கம்மிதான்."