பொம்மைக்குத் தொப்பி கழற்றியவர்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் மிதிக்கவில்லை. இன்று பாரிஸ் லா சப்பலில் எனக்கு இரண்டு கடை. ஆளை அளக்கப் படிப்பு எதற்கு? என் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கும் இராஜதுரையை வந்த அன்றே அளந்துவிட்டேன். ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். மெத்ரோ ரயிலால் இறங்கி வந்து, சேலைக் கடை வாசலில் நின்ற பொம்மையைக் கும்பிட்டு, "தங்கச்சி, ரூ லூயி-பிளாங் எந்தப் பக்கம்?" என்று கேட்டவர். என் கண்ணால் கண்டது.

அதனால்தான் பழைய சாமான் சந்தையில் ஒரு படத்தைக் கண்டதும் நான் விடவில்லை, வாங்கினேன். மரச் செருப்புப் போட்ட ஒரு தோட்டக்காரன், கக்கத்தில் குடை, கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் உடுப்புப் பொம்மைக்குத் தொப்பியைக் கழற்றிக் குனிகிறான். பின்னால் இரண்டு துரைமார் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

கடைக்கு வந்த பாண்டிச்சேரிக்காரர் பெர்னார் விளக்கினார்: "அந்தக் காலத்துல பாரிஸ்காரங்க நாட்டுப்புறத்தானை இப்படித்தான் கேலி பண்ணி அச்சடிச்சு விப்பாங்க, முசியே."

"எங்கடை இராஜதுரையைப் பாத்தெல்லோ கீறியிருக்கிறாங்கள்" என்றேன்.

கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வருகிற சனமெல்லாம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே மூட்டை இறக்கினார்.

அவருடைய மகள் லக்ஷனாவுக்குச் சென் தெனியில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் குணரத்தினம் என் கடைக்கே வந்து ஆளைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை இராஜதுரை என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, இண்டைக்கு மட்டும் உந்தப் படத்தைக் கழட்டி வையுங்கோ. பிள்ளையின்ரை காரியம்."

"ஏன், படத்திலை இருக்கிறவன் உம்மைவிட வடிவோ?"

ஆனாலும் கழற்றி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். எனக்குப் பெரிய மனம்.

குணரத்தினம் வந்தார். கதிரை போட்டேன். அவர் இருக்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"எங்கை அண்ணை அந்தப் படம்? சென் தெனி முழுக்கப் போனிலை சுத்துது. அதைப் பாக்கத்தானே நேரிலை வந்தனான்."

நான் அரிசி மூட்டைப் பக்கம் பார்த்தேன். இராஜதுரைதான் போய் எடுத்து வந்தார். தூசு தட்டி, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதே மாதிரி ஒருக்கால் குனியுங்கோ பாப்பம்" என்றார் குணரத்தினம், போனை எடுத்தபடி.

குனிந்தார்.

சம்பந்தம் முற்றானது. சீதனம் வேண்டாம், அந்தப் படம் போதும் என்று மாப்பிள்ளை வீடு சொல்லிவிட்டது. புதுச் சட்டம் போட்டு நானே கொடுத்தேன். அவர்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. கண்ணாடியைத் துடைப்பது லக்ஷனாவின் வேலை. இராஜதுரை மகளைப் பார்க்கப் போனால் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார்.

என்னால் நடந்த கலியாணம் அது. இதுவரைக்கும் அந்த மனிதர் ஒரு நன்றி சொன்னதில்லை.