வாசலில் போட்ட குப்பை

விடிந்ததும் லோகநாயகிக்கு இரண்டு வேலை. முதல் வேலை வீட்டுக்குள்ளே பெருக்குவது. மூலைக்கு மூலை குனிந்து, கதவிடுக்கில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணலைக்கூட விடாமல் கூட்டி அள்ளி, சிவப்புத் தரையை ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பாள். இரண்டாவது வேலை வாசலுக்குப் போய்க் குப்பை போடுவது.

போடுவது என்றால் விசிறி எறிவதில்லை. பார்த்துப் பார்த்து வைப்பது. கிழிந்த வலை காற்றில் ஒதுங்கியிருந்தால் இழுத்துப் படிமேல் போடுவாள். மூலை உடைந்த தெர்மாகோல் பெட்டியைக் கதவை மறைக்கிற மாதிரி சாய்த்து வைப்பாள். ஜன்னல் கம்பியில் ஒரு பாம்புச் சட்டை தொங்கும். அதைப் பறக்கவிடாமல் நூலால் கட்டியிருந்தாள். முடிச்சு இறுகத்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பூட்டைப் பூட்டி, இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேன் பிடிக்கப் போவாள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் தெருவோடு போகிறவர்களுக்கு அது பாழடைந்த வீடு. அப்படியே தெரியட்டும் என்றுதான் இத்தனை பாடு.

அவளைப் பெற்ற நைனா கட்டிய வீடு அது. செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, பனங்கட்டை மேல் ஓடு. கடல் ஊருக்குள் வந்த வருஷம் பூட்டியது. அதற்கப்புறம் குடும்பம் தள்ளிப் போய், அரசாங்கம் கொடுத்த கான்கிரீட் வீட்டில் குடியேறிவிட்டது. குடும்பம் என்றால் அண்ணன் சிங்காரம், அண்ணி ஜமுனா, அவர்கள் மகன் பூவரசன். சூலூர்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டதால் திரும்பி வந்த லோகநாயகியும் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஒரு ஹால், ஒரு சமையற்கட்டு. கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே பாய் விரிக்கிற இடம் அவளுடையது. பதினேழு வருஷம் அங்கே ஒருக்களித்தே படுத்தாள். மல்லாந்து படுத்தால் கால் டிரம்மில் இடிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "பையன் பெரியவனாயிட்டான். வூடு பத்தல" என்றாள் ஜமுனா. யாருக்கென்று சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே லோகநாயகி அண்ணனிடம் கேட்டுவிட்டாள். "ண்ணா, நைனா வூட்ல நா போய் இருந்துக்கட்டா?"

சிங்காரம் சிரித்தான். "எடுத்துக்கயேன், அத்த யாரு கேட்டா? பாம்பு குடியிருக்குது அதுல."

எடுத்துக்கயேன், அத்த யாரு கேட்டா. இந்த வார்த்தையை அவள் இரண்டு வருஷமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் சொன்னது நிஜம். ஆனால் யார் எதிரில் சொன்னான்? ஜமுனா எதிரில். ஜமுனா அப்போது மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும் கேட்டது என்பாளா?

போய்த் திறந்தால் உள்ளே இடுப்பளவு மணல். சுவரில் வேலிக்காத்தான் வேர் விட்டிருந்தது. ஷெட் வேலை முடிந்து வந்து தினமும் இருபது கூடை மணல் அள்ளினாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய நகக்கண்ணில் மணல் ஏறி எரியும். மாசக் கணக்கில் அள்ளி, ஒரு நாள் அடியில் தரை தட்டியது. துணியால் தேய்த்தால் சிவப்பு. ஒரு விரிசல் இல்லை. அவள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மீதி வேலைக்குப் பிடித்த ஆள் தனக்கோடி மேஸ்திரி. வயதானவர், பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்தவர், வாயும் கொஞ்சம் நீளம். "சிமிட்டி வேணாம்மா. உள்ள இருக்கிற உப்பு வெளிய வர வழியில்லாம செங்கல்லயே தின்னுடும்" என்று சொல்லி, சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பூசினார். உள் அறை வாசற்படியில் நிலை செல்லரித்துக் கிடந்தது. எடுத்துப்போட்டு, வேறு நிலையை அரை அடி உயர்த்தி வைத்தார். அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த நிலையில் நெற்றி இடித்துக்கொண்டவர்கள்தான். சிங்காரத்துக்குப் புருவத்தின் மேல் இன்னும் வடு இருக்கிறது.

கூரைக்கு வந்தபோதுதான் லோகநாயகி அந்த யோசனையைச் சொன்னாள். புது ஓடெல்லாம் பின்பக்கச் சரிவுக்கு. தெருப்பக்கம் பாசி பிடித்த பழைய ஓட்டையே ஒழுகாமல் அடுக்கிப் போட வேண்டும். முன் சுவரில் கை வைக்கக் கூடாது.

மேஸ்திரி ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். "ஊர்ல எல்லாம் முன்னாடி மினுக்கு, பின்னாடி பொத்தலு. நீ ஒருத்திதாம்மா தலகீழா கேக்குற."

"கண்ணு பட்டுடும் மேஸ்திரி."

"கண்ணு பட்றதுக்கா வூடு கட்றாங்க, வேற இன்னாத்துக்கு?"

வீடு நன்றாக ஆக ஆக அவளுக்குப் பயம் கூடியது. மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்று சந்தோஷம் கால் மணி நேரம்தான். ஒழுகாத வீட்டை யார்தான் வேண்டாம் என்பார்கள்? உள் அறை ஜன்னலைத் திறந்தால் பின்னால் கிடக்கிற ஏரி மேல் வருகிற காற்று நேரே பாயில் விழும். லீவு நாளில் மத்தியானம் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் எட்டுமட்டும் நீட்டுவாள். எங்கேயும் இடிக்காது. உடனே எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள்.

அண்ணியிடம் ஒழுகுது என்றாள். எப்படித்தான் இருக்கிறேனோ என்றாள். தீபாவளிக்குச் சிங்காரம் எட்டிப் பார்த்தபோது வாசல் புங்கமரத்தடியில் மீன் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்து, அங்கேயே டீ கொடுத்து அனுப்பினாள். "உள்ள காலு வெக்க முடியாதுண்ணா, ஒரே நச நசன்னு கீது."

குப்பத்தில் வீடு என்பது தலைக்கட்டுக் கணக்கு. ஊர் வரி கட்டுகிற ஆம்பளை பேரில்தான் வீடு. நைனாவுக்குப் பிறகு அது சிங்காரம் வீடு. கோர்ட்டுக்குப் போனால் உனக்கும் பங்கு உண்டு என்று ஷெட்டில் ஒருத்தி சொன்னாள். உண்டுதான். அண்ணனைப் பொன்னேரிக் கோர்ட்டில் நிறுத்தியவள் அப்புறம் குப்பத்தில் யார் வீட்டு வாசலை மிதிப்பாள்? செத்தால் தூக்க வருகிறவன் அண்ணன்தானே. அதனால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. யார் கண்ணுக்கும் படாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

அதிலும் ஒரு பிசகு நடந்தது. கொஞ்சம் அதிகமாகவே குப்பை போட்டுவிட்டாள்.

ஆடியில் கங்கையம்மன் திருவிழா. ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிப் பேசி மைக்கில் அறிவித்தார்கள். ஆத்தா வருகிற தெருவில் ஒரு வீடு அழுக்காக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். அடிக்காத வீட்டுக்கு ஊரே ஆள் வைத்து அடிக்கும். ஒரே ஒரு வீட்டை மட்டும் பேர் சொல்லியே சொன்னார்கள். "சிங்காரம் வூடு ஊர் மானத்த வாங்குது." சாதாரணமாக, மற்ற வீடுகளைப் போல அரைகுறையாக வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊர் வைத்த ஆளும் தனக்கோடி மேஸ்திரியாகவே போனதில் அவளுக்கு உயிர் வந்தது. புதன்கிழமை காலையில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடி மேலாக்க ஒரு பூச்சு பூசிட்டுப் போயிடு மேஸ்திரி. கதவத் தொறக்காத. உங்கிட்ட ஒரு சாவி கீதே, அது மடியிலயே இருக்கட்டும்." கடப்பைக் கல் பலகை ஒன்று பதிக்கிற வேலை பாக்கி இருந்ததால் அந்தச் சாவி அவரிடம் இருந்தது.

"நா இன்னா ஓட்ட வாயா?" என்றார் அவர்.

அன்று முழுக்க ஷெட்டில் அவளுக்குக் கை ஓடவில்லை. இறாலை உரித்துத் தலையைக் கூடையில் போட்டு, சதையைக் கழிவில் தள்ளினாள். சூப்பர்வைசர் பெண் வந்து, "இன்னாக்கா, கனவா?" என்றாள். சுண்ணாம்பு அடித்தால் மட்டும் என்ன? முன் சுவர்தானே. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. சொல்லச் சொல்ல அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கித் தெரு திரும்பியபோது வீடு கண்ணைக் கூசவைத்தது. அவள் அந்த வீட்டை அவ்வளவு வெள்ளையாகப் பார்த்ததே இல்லை. குப்பை ஒன்றையும் காணோம். பாம்புச் சட்டையைக் காணோம். படியில் யாரோ மாக்கோலம்கூடப் போட்டிருந்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது.

மேஸ்திரி புங்கமரத்தடியில் சுண்ணாம்பு அடித்த மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ இன்னா வேணா கேட்டுக்கோம்மா என்னை" என்றார். "உங்கண்ணன் வந்தாரு. ஊர்ல சொன்னாங்கன்னு அவரும் ஒரு கை அடிக்கத்தான் வந்தாரு. வந்தவரு இன்னா சொல்றாரு? வெளிய வெள்ள அடிச்சு இன்னா மேஸ்திரி, உள்ள மழைக்கு ஒழுகுதாமே, ஒரு வருசமா இன்னாத்தக் கிழிச்சேன்றாரு. நாலு பேரு எதிர்ல. என் பூச்சு ஒழுகுதுன்னு என்னாண்டயே. நாப்பது வருசமா ஒரு ஆளு அப்பிடிச் சொன்னதில்ல." மட்டையைத் தண்ணீரில் அடித்தார். "தொறந்து காட்டிட்டேன்."

அவரை அவள் எப்படித் திட்டுவாள்? ஒழுகுகிறது என்று சொன்னவள் அவள்தானே.

உள்ளே ஹாலில் ஜமுனா நின்றிருந்தாள். ஒரு கையை நீட்டி, சுவரோரத்தை அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தாள். லோகநாயகியைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடி, காலு வெக்க முடியாதுன்ன. நா செருப்பக் கழட்டி வெச்சிட்டு வந்தேன். அவ்ளோ சுத்தம்."

"அண்ணன் எங்க அண்ணி?"

ஜமுனா முகத்தால் உள் அறையைக் காட்டினாள்.

சிங்காரம் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையைக் கழற்றி அவளுடைய ஆணியில் மாட்டிவிட்டு, வெறுந்தரையில் ஜன்னலுக்கு நேரே மல்லாந்து, கையையும் காலையும் எட்டுமட்டும் நீட்டிக் கிடந்தான். கடலுக்குப் போய் வந்த உடம்பு. லேசாக வாய் திறந்திருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கான்கிரீட் கூரைக்கடியில் ஆடி மத்தியானத்தில் அவன் இப்படித் தூங்கி எத்தனை வருஷம் இருக்கும்?

காலடி உணர்ந்து கண் விழித்தான். எழுந்து உட்கார்ந்து தரையைத் தடவினான்.

"நம்ம நைனா வூடு மாரியே இல்ல லோகா. இன்னா குளிர்ச்சி! ஸோக்காப் பண்ணி வெச்சிருக்கே."

"டீ போடட்டா?"

"ஒண்ணும் வேணாம். உக்காரு."

அவள் உட்காரவில்லை. ஜமுனா பின்னாலேயே வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"பூவரசனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தோமில்ல" என்றான் சிங்காரம். "தனி ரூமு கீதான்னு கேட்டாங்க."

"கேக்கத்தான செய்வாங்க" என்றாள் ஜமுனா. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க."

"உன்ன யாரும் போவச் சொல்லல லோகா. நீயும் இங்கியே இரு. சின்னஞ்சிறுசுங்க, ஒரு பெரிய மனுசி கூட இருந்தா நல்லதுதான். பின்னாடி அந்த அடுப்பாண்ட எடம் கீது பாரு. உனக்கு அது போதாதா?"

அடுப்பாண்ட. லோகநாயகிக்கு ஒரு கணம் டிரம் காலில் இடிக்கிற மாதிரியே இருந்தது. அழுகை வரும் என்று பயந்தாள், வரவில்லை. இரண்டு வருஷமாக எந்த நேரம் வருமோ என்று பயந்துகொண்டிருந்த நேரம் வந்தேவிட்டது. வந்த பிறகு பயப்பட ஒன்றும் பாக்கியில்லாதது போல இருந்தது.

"ண்ணா" என்றாள். "அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னே. எடுத்துக்கயேன், அத்த யாரு கேட்டான்னு சொன்னே."

"சொன்னேன், அதுக்கின்னா?"

"அப்ப அது பாம்பு வூடு" என்றாள் ஜமுனா.

"நா அண்ணனாண்ட பேசிகினு கீறேன் அண்ணி." இப்படி ஒரு வார்த்தையை அவள் ஜமுனாவிடம் சொன்னதே இல்லை. ஜமுனா நிமிர்ந்து நின்றாள். லோகநாயகி நிறுத்தவில்லை. "வெள்ளிக்கிழம ஆத்தா வந்து நின்னதும் ஊர்க் கூட்டம் போடுவாங்க. ஊரே இருக்கும். அங்க எழுந்து அதையே சொல்லிடுண்ணா. வேற ஒண்ணும் வேணாம். நைனா வூடு லோகாவுக்குன்னு. நீ சொன்ன வார்த்ததான். சொல்றியா?"

சிங்காரம் அவளைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"பனங்கட்ட மாத்தினியா?"

"நாலு மாத்தினோம். சொல்றியாண்ணா?"

"மத்ததெல்லாம் பழசா? பூச்சி பிடிக்காம நிக்குதே."

"பழசுதான். நா கேட்டதுக்குச் சொல்லுண்ணா."

வெளியே மேஸ்திரி மட்டை கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. சிங்காரம் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தான். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பினான். ஏரியில் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. புருவத்தின் மேலிருந்த வடுவைச் சொறிந்தான்.

ஜமுனா வழிவிட்டு ஒதுங்கினாள். உள் அறை வாசற்படியில், நிலை இப்போது அரை அடி உயர்ந்திருக்கிறது என்பது தெரியாமல், சின்ன வயசிலிருந்து குனிந்த குனிப்பையே குனிந்து சிங்காரம் வெளியே போனான்.