முத்திரையை மறைத்த மத்தியானம்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. உள்ளாட்சித் தேர்தல் பணிக்கு என்னை விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். நான் கோவில்பட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஏழு வயது. வாக்குச்சீட்டின் பின்பக்கம் முத்திரை குத்துவதுதான் சாவடியில் என் வேலை. அது விழாத சீட்டு செல்லாது.

முந்தின நாள் மழை. பெண்கள் கரிசல் சேறு அப்பிய காலோடு வந்து வரிசையில் நின்றார்கள். மூன்று மணி வாக்கில் நான்கு பேர் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்கள். வாசலில் இருந்த ஒரே போலீஸ்காரர் சற்று முன்புதான் டீ குடிக்கப் போயிருந்தார்.

முன்னால் நின்றவர் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவரின் தம்பி. காலையில் எங்களுக்கு இட்லி கொடுத்தனுப்பியவர்.

"சார், மிச்சச் சீட்டுக் கட்டை இங்கன கொடுங்க."

தலைமை அலுவலர் ஓய்வை நெருங்கிய மனிதர். மறுபேச்சில்லாமல் கட்டை நீட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நொடியில் நான் முத்திரையை மேசைக்கடியில் இறக்கி இடுப்புக் கொசுவத்தில் செருகிக்கொண்டேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை தானாகச் செய்தது. மையின் ஈரம் வயிற்றில் சில்லென்று ஒட்டியது.

"சீல் எங்க டீச்சர்?"

"ஜீப்புல வந்த ஆபீசர் வாங்கிட்டுப் போயிட்டாவ."

பொய் சொன்ன குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"கோவில்பட்டியில எந்தத் தெரு டீச்சர்?"

சொன்னேன்.

"பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் மைப்பெட்டியை மூடினேன். அவர் சிரித்தபடி, "சொல்லாட்டா என்ன, விசாரிச்சா தெரியாமலா போவும்?" என்றார். முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்துவிடத்தான் நினைத்தேன். கை இடுப்பை நோக்கிப் போனதும் உண்மை.

அப்போது கதவு அதிர்ந்தது.

"ஏலே, கதவ எதுக்குலே பூட்டுதிய? வேலைய விட்டுட்டு வந்து நிக்கோம்!"

வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் குரல் பத்தாகி, பத்து ஐம்பதானது. பலகைக் கதவில் கைகள் படபடவென்று விழுந்தன. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவர்களுடைய ஊர்க்காரர்கள்; நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். சீட்டுக் கட்டை மேசையில் எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியே போனார்கள். தம்பி மட்டும் திரும்பி, "வாரேன் டீச்சர்" என்றார்.

கதவு திறந்ததும் வாக்குப்பதிவு தொடர்ந்தது. கொசுவத்திலிருந்து முத்திரையை எடுத்து ஐந்து மணிவரை குத்தினேன்.

அவருடைய அண்ணன் தோற்றார். அந்தச் செய்தி வந்த அன்றிலிருந்துதான் எனக்கு நிஜமான பயம். அந்த வருடம் முழுக்க மகளை நானே பள்ளியில் விட்டு, நானே கூட்டி வந்தேன். தெருமுனையில் அறிமுகமில்லாத மோட்டார் சைக்கிள் நின்றால் வேறு தெரு வழியாகச் சுற்றினேன். யாரும் வரவில்லை. ஏன் இப்படிக் கையை இறுக்கிப் பிடிக்கிறாய் என்று மகள் கேட்பாள். வீட்டுக் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் விடுவேன்.