ஆறு செக்கன் கணக்கு

ஞானாம்பிகை ரீச்சர் கத்தினால் அடுத்த வகுப்பில் நடக்கும் சமய பாடமும் நின்றுவிடும். உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வாடகை வீட்டையும் புத்தகங்களையும் எரியக் கொடுத்துவிட்டு, உடுத்த சேலையோடு கப்பலில் ஊருக்கு வந்து இறங்கியவர். அன்றைக்கு ஏறிய கொதி பத்து வருடமாகியும் இறங்கவில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். இறங்க விட்டால்தானே! வந்த இடத்தில் மின்சாரம் போனது. பிறகு மண்ணெண்ணெய் போனது. அரசாங்கம் பற்றரிக்குத் தடை, சவுக்காரத்துக்கும் தடை. ஆய்வுகூடத்தில் தண்ணீரில் அலை காட்டுவதற்கென்று இருந்த கண்ணாடித் தொட்டி ஒரு குண்டுவீச்சில் அதிர்ந்து, நடுவால் வெடித்துக் கிடந்தது.

"தொட்டி உடைஞ்சா அலை உடைஞ்சு போச்சோ?" என்று கேட்டுவிட்டு, கிணற்றுக் கயிறு ஒன்றை விறாந்தைத் தூணில் கட்டுவார். நடுவில் ஒரு சிவப்புத் துணி முடிந்திருக்கும். மற்ற நுனியைப் பிடித்து ஓர் உதறு உதறினால் கயிற்றில் ஒரு மேடு எழும்பி ஓடித் தூணில் முட்டி, தலைகீழாகத் திரும்பி வரும். துணி மட்டும் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். "கயிறு தூணுக்குப் போச்சுதோ? துணி போச்சுதோ? அப்ப போனது என்ன?" வகுப்பு முழுதும் கத்திச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் அடுத்த உதறலுக்குக் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

ஒலிக்கு வேறு வித்தை. பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் நிற்பவரின் தோளில் கையை வைக்கச் சொல்லிவிட்டு, கடைசி ஆளைப் பின்னாலிருந்து தள்ளுவார். தள்ளல் தோளுக்குத் தோள் ஓடி முதலாவது ஆளைச் சுவரில் முட்ட வைக்கும். மற்ற ஒருவரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள். "சத்தமும் உப்பிடித்தான் வாறது. காத்து வாறேல்லை, தள்ளல்தான் வருது. விளங்கிச்சுதோ?" முட்டியவனுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பிழையான விடைக்கு அரைப் புள்ளியும் போட மாட்டார். யார் வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டார். ஒருமுறை அதிபரின் மகனுக்கே முட்டை போட்டவர்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு இரண்டாம் தவணை. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வினாத்தாள் வந்தது. பௌதிகத்தில் ஐம்பது எடுக்காதவர்கள் கணிதப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பது கட்டளை. யசிந்தாவுக்கு வந்தது நாற்பத்தாறு.

யசிந்தா குருநகர்ப் பிள்ளை. ஷெல்லடியில் இடம்பெயர்ந்து தொண்டைமானாற்றில் உறவுக்காரர் வீட்டுச் சாய்ப்பில் இருந்தார்கள். கடலில் இறங்கத் தடை, தகப்பன் சந்தியோகு கரையில் கிடந்த வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பெட்டை இன்ஜினியராக வரவேண்டும் என்று நின்றாள். கணிதத்தில் வகுப்பிலேயே இரண்டாவது. கலைப் பிரிவுக்குப் போனால் அந்த எண்ணத்தை அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவளைக் கவிழ்த்தது ஆறு புள்ளிக் கேள்வி ஒன்று. பீரங்கி சுடும் வெளிச்சத்தைக் கண்டவருக்கு ஆறு செக்கன்களின் பின் அதன் சத்தம் கேட்டது. ஒலியின் வேகம் செக்கனுக்கு முந்நூற்று நாற்பது மீற்றர். பீரங்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது? ஆறால் பெருக்கினால் இரண்டாயிரத்து நாற்பது மீற்றர், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். ஆனால் ரீச்சரின் வகுப்பில் பதினொரு பேர் கோட்டை விட்டிருந்தார்கள். யசிந்தா எழுதியிருந்தது இது: "சத்தம் கேட்டு ஆறு செக்கனில் ஷெல் விழுந்திருக்கிறது. ஷெல்லின் வேகம் தரப்படவில்லை. ஆகவே கணக்கைச் செய்ய முடியாது."

ரீச்சருக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"எழும்படி! உதென்ன எழுதி வைச்சிருக்கிறாய்? கேள்வியிலை ஷெல் எங்கை கிடக்கு?"

"பீரங்கி எண்டா ஷெல்தானே ரீச்சர் வரும்."

"வெளிச்சம் எண்டு கிடக்கே! கண் தெரியேல்லையோ?"

"வெளிச்சத்தை ஆர் ரீச்சர் கண்டது? குத்துற சத்தம் கேட்டவுடனை பங்கருக்குள்ளை ஓடுவம். அங்கை இருந்துதானே எண்ணுறது, விழுமட்டும்."

இராணுவ முகாமில் ஷெல்லைக் குத்தி அனுப்பும் சத்தம் முதலில் வரும், ஷெல் பிறகு வரும். இடையில் எண்ணிக்கொண்டு இருப்பது அந்த நாளில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ரீச்சருக்கும் தெரியும். ஆனால் கோபக்காரருக்கு ஒரு வியாதி உண்டு, பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள். "வாசிக்கத் தெரியாத உனக்கேனடி கணிதப் பிரிவு? போய்க் கொப்பரோடை இருந்து வலையைப் பின்னு!"

யசிந்தா அழவில்லை. விடைத்தாளை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு இருந்தாள். சொன்ன வாய்க்கே அந்தச் சொல் கசந்தது. இருந்தும் ரீச்சர் அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவரை யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை.

பதினொரு பேர் பார்த்தெழுதியிருக்க முடியாது, ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள். அந்த யோசனையோடு வீட்டில் பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினார். அதே கணக்கு, அதே ஆறு செக்கன். பீரங்கி இருந்த இடத்தில் மட்டும் மின்னல். அடுத்த நாள் காலையில் கரும்பலகையில் மின்னல் என்று எழுதிக் கேட்டார். வெண்கட்டியைக் கீழே வைக்குமுன் பதினொரு பேரும் விடை சொன்னார்கள், முதலில் யசிந்தா.

"அப்ப ஏனடி நேற்று முழிச்சனி?"

"மின்னலிலை சத்தம் கேக்கேக்கை எல்லாம் முடிஞ்சிடும் ரீச்சர். ஆறுதலாக் கணக்குப் பாக்கலாம். மற்றதிலை சத்தம் கேட்டாப் பிறகுதானே எல்லாம் துவங்கும்."

ரீச்சர் பதினொரு விடைத்தாள்களையும் வாங்கிக் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு நேரே கல்விக் கந்தோருக்கு விட்டார். வினாத்தாள் செய்த பொன்னம்பலம் சேர் அங்கேதான் இருந்தார். பெரிய மேசை, மேசையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே சாமிப் படங்கள்.

"மின்னலை வெட்டிப்போட்டுப் பீரங்கி வைச்சது ஆர் சேர்?"

"நான்தான்," என்றார் அவர், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி. "பிள்ளையளின்ரை சூழலோடை சேத்துக் கேள்வி கேக்கோணும் எண்டு சுற்றுநிருபம் வந்திருக்கு."

சூழலாம்! தலைக்கு மேலே விழுகிறதை எடுத்துப் பரீட்சைத் தாளில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார் மனிசன். ரீச்சரின் குரல் கந்தோர் ஓட்டில் போய் முட்டியது. "பதினொரு பிள்ளையளுக்கும் அந்த ஆறு புள்ளியையும் போடுங்கோ. மாத்துற அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கு."

"ரீச்சர், வெளிச்சம் எண்டு தெளிவா எழுதியிருக்கிறன். விடை பிழை. நீங்களே முட்டை போட்டிருக்கிறியள்."

"ஓம், நான்தான் போட்டனான். அதுக்குத்தான் வந்தனான்."

"பிழையான விடைக்குப் புள்ளி கேக்கிறியளே, உங்களுக்கே இது நல்லாய்..."

டுப்.

மேற்கே, முகாம் பக்கம். சேரின் வாய் திறந்தபடி நின்றது, பிறகு சத்தமில்லாமல் அசையத் தொடங்கியது. ஒன்று, இரண்டு. கதிரை பின்னால் விழுந்தது. மூன்றில் மேசைக்குக் கீழே போய்விட்டார். ரீச்சரும் வீரம் காட்டவில்லை, சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டார். ஒன்பது, பத்து. இரண்டு பேரும் இப்போது வாய்விட்டே எண்ணினார்கள். பதினாறு, பதினேழு. எங்கேயோ வடக்கே விழுந்தது. யன்னல்கள் அதிர்ந்து அடங்கின. இன்னொன்று வருமோ என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள், வரவில்லை.

"பதினேழு," என்றார் பொன்னம்பலம் சேர், மேசைக்குக் கீழிருந்தே.

"ஓம், பதினேழுதான். வெளிச்சம் கண்டனீங்களோ, சேர்?"

"என்ன வெளிச்சம்?"

"உங்கடை கேள்வியிலை கிடக்கிற வெளிச்சம்."

அவர் ஊர்ந்து வெளியே வந்தார். வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் இரண்டிலும் ஊத்தை. கதிரையை நிமிர்த்தி இருந்தார். ரீச்சரின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"விடைத்தாள் கட்டைத் தாங்கோ."

பதினொரு தாளிலும் ஆறு ஆறாகப் போட்டு ஒப்பம் வைத்தார். எழுதிய அவசரத்தில் சில ஆறுகள் பூச்சியம் போல வந்தன. அவற்றை வெட்டி ரீச்சர் திரும்ப எழுத வைத்தார்.

வென்ற சந்தோசம் ஒன்றும் அவருக்கு வரவில்லை. சைக்கிளை மிதிக்க மிதிக்கக் கோபம் கூடிக்கொண்டே போனது. பிழையான விடைக்கு அரைப் புள்ளியும் போடாத தன்னை, ஆறு புள்ளிக்காகச் சண்டைபிடிக்க வைத்துவிட்டார்களே என்று கோபம். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சத்தத்தைச் சும்மா கேட்கத் தெரியாமல் செய்துவிட்டார்களே என்று கோபம். எல்லாவற்றையும் விட, அந்த வலைச் சொல்லைச் சொன்ன தன் வாய் மேல் கோபம்.

அடுத்த நாள் யசிந்தாவின் தாளைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தார். ஐம்பத்திரண்டு. ஆறுக்குப் பக்கத்தில் ரீச்சரின் கையெழுத்தில், விடை 2040 மீற்றர், இது உனக்குத் தெரியும், என்று இருந்தது.

வகுப்பு முழுதும் கேட்கத்தான் சொன்னார். "யசிந்தா, நான் உன்ரை கொப்பரை இழுத்துக் கதைச்சது பிழை. அப்பிடிக் கத்தியிருக்கவும் கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் எழும்பி நின்றாள்.

"அப்பாவைச் சொன்னதுதான் ரீச்சர் நொந்தது," என்றாள். "கத்தினதுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கத்தேக்கை நாங்கள் எண்ணத் தேவையில்லையே."

ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைய திகதியை எழுத அவருக்கு வெகு நேரம் எடுத்தது. பிறகு திரும்பி, பின்வரிசை வாங்கில் கூனிக்கொண்டு இருந்த ஒருவனை நிமிர்ந்து இரடா என்று ஓட்டுக்கூரை அதிரக் கத்தினார். ஒரு பிள்ளையும் எண்ணவில்லை.