நம்ம தோட்டத்து ஆள்

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதில்லை. எந்தத் தோட்டம் என்றுதான் கேட்பார்கள். சரியான பதில் வந்துவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது.

தெலுக் இந்தான் பக்கம் அப்பா பிறந்த ரப்பர்த் தோட்டம் இன்று செம்பனைக் காடு. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத் திருவிழாவுக்கு அங்கங்கே சிதறிய குடும்பங்களெல்லாம் வந்து சேரும். நான் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்திருந்த வருடம், முன்பின் பார்த்திராத ஓர் அண்ணன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதே தோட்டந்தாண்ணே. மேட்டு லயம். எங்கப்பா ஸ்டோர்ல ரப்பர்ப் பால் நிறுத்தவரு. உங்கப்பா உறுமி அடிச்சா கணக்கெழுதுற கிராணி வீட்டு நாய்கூட ஆடும்னு சொல்வாரு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடத்தில் லாரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. படிவம் ஐந்துவரை படித்து, நல்ல தேர்ச்சியும் பெற்றவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அடுத்து படிவம் ஆறு, பிறகு பல்கலைக்கழகம் என்று முடிவு செய்திருந்தேன்.

"பாப்பாவுக்கு இங்கிலீஸ் எப்படி?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

"டீச்சருக்கே தப்பு சொல்லுவா" என்றார் அப்பா.

"அப்புறம் எதுக்குப் படிவம் ஆறு? தாய்லாந்துல பெரிய கம்பெனி. வாடிக்கையாளர்கிட்ட பேசுற வேலை. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் அவங்களே. இங்கிலீஸ் தெரிஞ்ச புள்ளைங்களத் தேடிக்கிட்டே இருக்காங்க லா."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் படிப்பைக் கேட்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. தீபாராதனை நேரத்தில், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, "அனுப்பி வைக்கிறேன் தம்பி" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாலை நான்கு மணிக்கெல்லாம் சுண்ணாம்பு மலையின் நிழல் எங்கள் வீட்டு வரிசையை மூடிவிடும். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கைப்பேசியை நீட்டி, ஆங்கிலத்தில் இருந்ததை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். காலை வணக்கம் அன்பே, சாப்பிட்டீர்களா, மனைவி போன பிறகு அந்த வீட்டில் தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"கொஞ்சம் பாவமா படிமா. அழுவுற மாதிரி."

படித்தேன். பிறகு, "கம்பெனி என்னண்ணே விக்குது?" என்று கேட்டேன்.

"போனா சொல்லித் தருவாங்க. பாஸ்போர்ட் எடுத்ததும் என்கிட்ட குடுத்துடு. சின்னப் புள்ளைங்க தொலைச்சிடுவீங்க."

கார் போனதும் நான் போகமாட்டேன் என்றேன். அப்பா எழுந்து நின்றார்.

"சாமி முன்னால வாக்குக் குடுத்துட்டேன். அவன் நம்ம தோட்டத்து ஆளு."

"தாத்தாவ வேல வாங்கி, வெயில்ல முட்டி போட வச்ச தண்டலும் நம்ம தோட்டத்து ஆளுதானேப்பா."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாக்குக் குடுத்தது நீங்கதானே. நீங்களே போயி இங்கிலீஸ் பேசிட்டு வாங்க."

மறுநாள் அப்பா தயங்கித் தயங்கி அந்த அண்ணனைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். கோபிப்பார், சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தோம். அவர் சாதாரணமாக, "பரவால்லண்ணே. வேற ஆள் இருக்கு" என்றார். கோபத்தைவிட அந்தச் சாதாரணம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த வேற ஆள் யார் என்பது சீக்கிரமே தெரிந்தது. திருவிழா தவறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவள். என் வயது. தெலுக் இந்தான் சந்தையில் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். அவளே சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். தனியாக இருக்கிறவர்களிடம் காதல் பேசிப் பணம் பிடுங்குகிற வேலை போலிருக்கிறது, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன்.

"எனக்கு இங்கிலீஸ் சுமார்தான்டி. அங்க போனா பழக்கிடுவாங்களாம்" என்றாள்.

"எப்படிப் பழக்குவாங்கன்னு கேட்டியா?"

அவள் அம்மா போனை வாங்கிக்கொண்டார். "நீ படிச்சவ, மேல மேல படி. என் புள்ளைக்கு வர்றத ஏன் கெடுக்குற? உனக்கு வேணாம்னா வேற யாருக்கும் கிடைக்கக்கூடாதா?"

அவள் தாய்லாந்து போய்விட்டாள். நான் படிவம் ஆறில் சேர்ந்தேன். வாட்ஸ்அப்பில் எந்தச் செய்தி அனுப்பினாலும் படித்துவிட்டதாக இரண்டு நீலக் கோடுகள் விழும். பதில் வராது.

இந்த வருடத் திருவிழாப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"வாரம் ஒருக்கா பேசுறா. நல்லாருக்கேன்னுதான் சொல்றா. முகத்த மட்டும் காட்ட மாட்டேங்குறா. கேமரா கெட்டுப்போச்சாம். அவ பேசுறப்ப பக்கத்துல யாரோ ஒரு ஆம்பள இருமுறான்."

போலீசில் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

அந்த அண்ணன் எதிர்வரிசையில் வந்து உட்கார்ந்தார். புதிதாகப் பரீட்சை முடித்த ஒருத்தியின் அப்பாவிடம், மேட்டு லயம், பால் நிறுத்தவர் என்று பழைய கதையைத் தொடங்கினார். அந்த மனிதர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கம்பெனி பேரு என்னண்ணே?" என்று பந்திக்கே கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

அந்த அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மேசைக்கடியில் அவள் அம்மாவின் கை என் முழங்காலை இறுகப் பிடித்தது.

"சும்மா இரும்மா" என்றார், உதடு அசையாமல். "இவன் சொன்னாத்தான் அங்க அவளப் பேச விடுறாங்க. கோவிச்சுக்கிட்டான்னா, அவகிட்ட பேசுறதுக்கு எனக்கு வேற வழி இல்ல."

பிறகு எழுந்துபோய், அப்பளக் கூடையை வாங்கி, அந்த அண்ணன் இலையில் இரண்டு அப்பளம் வைத்தார்.