ஐ.சி.யூ. வாசலில் ராகுகாலம்

நகரிப் பக்கம் போனால் தேவசேனாவை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். எத்தனை முறை கேட்டாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லமாட்டாள். நடந்தது நடுநிசியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனை. வியாழக்கிழமை, பட்டப்பகல்.

அவள் கணவன் தணிகைவேல் ஐ.சி.யூ.வில் கிடந்தான். கணையம் வெந்துபோய் வயிறு பானையாக ஊதியிருந்தது. ஒன்றே முக்காலுக்கு டாக்டர் ரேகா வெளியே வந்தார்.

"ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ணணும்மா. நேத்து வேணாம்னு சொன்னதும் நான்தான். இன்னிக்கு கிட்னி நின்னுக்கினு வருது. இனிமே தள்ளிப்போட்டா பிரயோஜனம் இல்ல. கையெழுத்து போடுங்க."

தணிகைவேலின் அண்ணன் உமாபதி டாக்டர் நீட்டிய தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"மூணு வரிக்கும் ராகுகாலம். அப்பால போட்லாம்."

"மாமா, இப்பவேன்னு சொல்றாங்களே..."

"தறி வாங்கறதுக்கே நேரம் பாத்தவங்க நாம. இது உசுரும்மா. நாலெழுத்து படிச்சிட்டா ராகு பயந்துடுவாரா?"

அவர் டீ வாங்கப் போனார். உள்ளே ஏதோ ஒரு மெஷின் கீங்... கீங்... என்று கத்திக்கொண்டே இருந்தது. தேவசேனா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். எப்போது வந்தார்? நோயாளிகளுக்குப் போடும் பச்சை அங்கி. வெறுங்கால். ஊதிய வயிறு. வாசல் காவலாளி பவன்குமார் பாஸ் இல்லாமல் ஈயைக்கூட விடமாட்டான். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மணி என்னாம்மா?"

எதிரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு."

"மூணு ஆவலியா?"

"இல்லிங்க."

பெரியவர் கடிகாரத்தையே பார்த்தார்.

"எனக்கு இன்னும் மூணு ஆவவே இல்லம்மா..."

பேசினார். ஆனால் அந்த வயிறு... ஏறவில்லை. இறங்கவில்லை.

உமாபதி டீயோடு வந்தார். நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரியவர் எழுந்ததை அவள் பார்க்கவில்லை.

"இன்னா, சேரு ஐஸ் மாரி கீது?"

தேவசேனா எழுந்தாள். அவர் பையிலிருந்து தாளைப் பிடுங்கினாள்.

"ஏய்... ராகுகாலம்..."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஓடினாள்.

இரண்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

தணிகைவேல் பிழைத்தான். ஒரு மாதம் கழித்து, வீட்டுக்குக் கிளம்பும் அன்று, நர்ஸ் இந்திராணியிடம் தேவசேனா அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டாள். மாத்திரைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இந்திராணியின் கை நின்றது.

"பலமனேர் பாலையா. தக்காளி வியாபாரி. செத்து மூணு வருசம் ஆச்சு. அவருக்கும் இதே நோவுதான். புள்ளைங்க மணி மூணு அடிக்கட்டும்னு வெளிய உக்காந்துக்கினு இருந்தாங்க. அடிக்கறதுக்குள்ள போய்ட்டாரு."

தேவசேனா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு முன்ன ரெண்டு பேரு இதே மாரி கேட்டாங்கம்மா. ரெண்டு பேரும் நேரம் பாத்து உக்காந்தவங்கதான்." இந்திராணி குரலைத் தாழ்த்தினாள்.

"பொணத்த வாங்கிக்கினு போவும்போது கேட்டாங்க."