வெளிச்சம் கீழிருந்து விழுந்த படம்

மதிய இடைவேளையில் செய்தி வந்தது. கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தேன். அக்காவின் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். மேசையில் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவில்லையாம்.

செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் அனுப்பும் படங்களில் மணல்மேடு எது, வறண்ட ஆற்றுத்தடம் எது, விண்கல் விழுந்த குழி எது என்று பிரித்து எல்லைக்கோடு போடுவது அக்காவின் வேலை. "ஊரெல்லாம் வீடு கட்ட எடம் பாக்குது, இவ ஆளே இல்லாத எடத்தப் பாக்குறா" என்பாள் அம்மா. தெருப்பள்ளத்தையும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சேர்த்தாயிற்று, அதற்கு அவர் பெயரையே வைத்தாயிற்று என்று அக்கா முகம் மாறாமல் சொல்வாள்.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் நம்பிவிடுகிறது. படத்தில் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தால் குழி மேடாகத் தெரியும். அதனால் அக்காவின் பிரிவில் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் கோடு போடுவார்கள். ஒரு படத்தை அக்கா திருப்ப மறந்துவிட்டாள். வரிசையாகக் கிடந்த குழிகளெல்லாம் தாழ்ந்த மேடுகளாக வரைபடத்தில் ஏறிவிட்டன. வேறு யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள். அதற்குள் அந்த வரைபடம், செவ்வாயில் ஆளில்லா ஆய்வு ஊர்தி இறங்க இடம் தேடும் குழுவிடம் போயிருந்தது. மேடென்றால் ஊர்தி ஏறி இறங்கிவிடும். குழியென்றால் அதோடு சரி.

தவறைப் பிரிவுத் தலைவரிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். திருத்தும் வேலையை வேறொருவரிடம் தருகிறேன் என்றார் தலைவர். அவள் விடவில்லை. யாரும் இல்லாத இடத்துக்காக ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று நான் சண்டை போட்டேன்.

"சின்ன வண்டிடி அது. விழுந்தா கைகொடுத்துத் தூக்க அங்க யாரு இருக்கா? நான் தப்பாச் சொன்னதுக்கு அது போய் விழணுமா?"

மறுநாளும் வேலைக்குப் போனாள்.

இன்று அவளுடைய பொருட்களை எடுத்துவரப் போனேன். இடம் தேடும் குழு அந்தப் பகுதியை இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருக்கிறதாம். தலைவர் அவள் திருத்திய வரைபடத்தைத் திறந்து காட்டினார். மேடுகள் ஒவ்வொன்றாகக் குழிகளாகியிருந்தன. தெற்கு ஓரத்திலிருக்கும் கடைசிக் குழிக்குக் கோடு பாதி சுற்றி வந்து நிற்கிறது; முனைகள் சேரவில்லை.